வெயில் காணாத உடுப்பு

கொட்டாஞ்சேனை
03.02.2025

ஜீவராணிக்கு,

ஆறரை வருஷமாக உமக்கு நான் ஒரு வரியும் எழுதவில்லை. நீர் இரண்டு தரம் ஃபோன் எடுத்தீர், குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன். அதை மறைக்கவில்லை. இப்போதும் கதைத்தால் என் குரல் உயரும். எழுதினால் கையெழுத்தாவது நேராக இருக்கும்.

நேற்று இரண்டாம் பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றவில்லை, நிஸாம் மாஸ்டர் எங்கள் ஒழுங்கையில் நுழைந்தார். முத்தமிழ் நேயர் வட்டத்தின் செயலாளர். கக்கத்தில் ஒரு ஃபைல். முனையில் இருந்து தொடங்கி ஏழு வீடு ஏறி இறங்கினார். ஏழு வாசலிலும் ஒரே கேள்வி: "இங்க இருந்த றெஜினோல்ட் எங்க வேல செஞ்சவர்?" ஏழு வாசலிலும் ஒரே பதில்: "ஹார்பரில."

எட்டாவது என் வாசல். அவர் கதிரையில் இருந்து விஷயத்தைச் சொன்னார். ஏப்ரல் மாதக் கலை விழாவில், இந்தப் பக்கத்தில் இருந்து படைகளில் சேவை செய்த நாலு பேருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். கடற்படையில் சமையல் பார்த்த ஒருவர், ஆமி ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த பஹ்மியா, பாலம் கட்டும் பிரிவில் இருந்த ஒருவர், நாலாவது என் தம்பி. "றெஜினோல்ட் ஆமி பாண்டில ட்றம்பெட் ஊதினவர் எண்டு எங்களுக்கு ஒரு விண்ணப்பம் வந்திருக்கு டீச்சர். சரியா?"

நான் சொன்னேன்: "இல்லையே. ஹார்பரில கிளாக்கர்."

வாய் தானாகச் சொன்னது. நாற்பத்தொரு வருஷமாகச் சொன்ன வாய். அவர் ஃபைலை மூடி, "அப்ப எங்களுக்குத்தான் பிழையான தகவல்" என்று எழும்பினார். மூடும்போது மேலே இருந்த கடுதாசியைக் கண்டேன். அந்த வளைந்த 'ஜீ'யை எனக்குத் தெரியும். கீழே, 'கௌரவத்தைப் பெறுபவர்: மனைவி'.

அவர் முனை திரும்பும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை.

என் தம்பி ஆமியில் இருந்தவன் என்று ஊருக்குச் சொல்வதற்கு உமக்கு யார் உரிமை தந்தது? சொல்வதென்றால் நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

மேபல்

*

வெள்ளவத்தை
09.02.2025

மச்சாளுக்கு,

நீங்கள் எப்போது சொல்லியிருப்பீர்கள்? அவர் போய் ஆறரை வருஷம். இன்னும் எத்தனை வருஷம் நான் பொறுத்திருக்க வேண்டும்?

உங்களுக்கு நினைவில்லாமல் இருக்காது, ஆனாலும் எழுதுகிறேன். 1999 ஜூன், கலியாணப் பதிவு. பதிவாளர் பேனையைத் திறந்து, "மாப்பிள்ளையின் தொழில்?" என்று கேட்டார். அவர் வாயைத் திறக்கமுதல் நீங்கள் பின்னால் நின்று, "துறைமுகம், எழுதுவினைஞர், ஓய்வு" என்றீர்கள். அவர் உங்களை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து கையெழுத்து வைத்தார். நான் அவருக்குக் கீழே வைத்தேன். உங்களுடைய பொய்க்குக் கீழே என்ர கையெழுத்து இருபத்தைந்து வருஷமாக இருக்கிறது.

இப்போது அந்தப் பத்திரத்தின் விலை தெரிகிறதா? நிஸாம் மாஸ்டர் வெள்ளிக்கிழமை இங்கே வந்தார். குழுவில் ஏற்கெனவே ஒருவர், தமிழன் ஆமியில் இருந்ததைக் கொண்டாடுவதா என்று சண்டை பிடித்து எழும்பிப் போனாராம். அதனால் மிச்சப் பேர் ஒவ்வொரு பெயருக்கும் அசையாத ஆதாரம் கேட்கிறார்கள். "படைப் புத்தகத்தில ஒரு றெஜினோல்ட் இருக்கிறார், விவாகப் பத்திரத்தில இன்னொரு றெஜினோல்ட் இருக்கிறார், ஒழுங்கையே ஹார்பர் எண்டு சொல்லுது, கூடப் பிறந்த அக்காவும் ஹார்பர் எண்டுறா. நான் என்னத்தை நம்புறது தங்கச்சி?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

செத்த வீட்டையும் நான் மறக்கவில்லை. அவரோடு ஊதின மூன்று பேர், நெஞ்சில் பதக்கம் குத்தி, வாத்தியப் பெட்டிகளோடு உங்கள் ஒழுங்கை முனைக்கு வந்தார்கள். நீங்கள் ஓடிப்போய் மறித்து, "வீடு மாறி வந்திட்டீங்கள்" என்று சிங்களத்தில் சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து யன்னலுக்குள்ளால் பார்த்தேன். எத்தனையோ பேருடைய குழிக்கு முன்னால் ஊதின மனிசனை ஒரு சத்தமும் இல்லாமல் புதைத்தோம்.

எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, அவர் ஆமி பாண்டில் இருந்தவர், துறைமுகத்தில் இருந்ததில்லை என்று நீங்கள் ஒரு சத்தியக்கடதாசி முடித்துத் தரவேண்டும். இரண்டு, அவர் பாண்டில் போட்ட வெள்ளை உடுப்பு. விழா மண்டபத்தில் நாலு பேருடைய சாமான்களையும் மேசையில் வைக்கப் போகிறார்கள். அது உங்களுடைய அலுமாரியில் இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் அதைக் கண்ணாலும் கண்டதில்லை.

நோன்புப் பெருநாள் முடிந்ததும் அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது. அதற்குள் வராவிட்டால் மூன்று பெயர்தான்.

ஜீவராணி

*

கொட்டாஞ்சேனை
16.02.2025

ஜீவராணிக்கு,

நிஸாம் மாஸ்டரின் வீட்டுக்குப் போனேன். போய், "நான் சொன்னது பொய்" என்றேன். எழுபத்துநாலு வயதில் ஒரு மனிதருக்கு முன்னால் அதைச் சொல்வது எப்படியிருக்கும் என்று உமக்குத் தெரியாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுத்தில தாங்க டீச்சர்" என்றார். அவ்வளவுதான்.

பிறகு ஃபைலைத் திறந்து, நீர் கொடுத்த படைப் புத்தகத்தின் கொப்பியைக் காட்டினார். பெயர், இலக்கம், சேர்ந்த திகதி, விட்ட திகதி எல்லாம் சரி. நடுவில் ஒரு வரி மட்டும் வெள்ளை. "மெஷின் பிடிக்கவில்லையோ தெரியாது" என்றார் அவர். நல்ல மனிதர்.

நீர் வெள்ளவத்தைக் கொமினிக்கேஷன் கடையில் பதினொரு வருஷம் நின்று கொப்பி எடுத்தவர். கண்ணாடிக்கு மேலே எதை வைத்தால் எது விழாது என்று உமக்குத் தெரியும். அந்த வரியில் என்ன இருக்கிறதென்று எனக்கும் தெரியும். 'நெருங்கிய உறவு: மேபல், சகோதரி.' அவன் சேர்ந்த அன்று எழுதியது. தம்பிக்கு ஏதும் நடந்தால் எந்த வாசலுக்குப் போகவேண்டும் என்று ஆமி எழுதி வைத்திருந்தது என் வாசலைத்தான்.

நான் மாஸ்டரிடம் அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யோசித்துக்கொண்டிரும்.

உடுப்பைப் பற்றிக் கேட்டீர். கேளும். 83 கலவரத்தில் எங்கள் தெமட்டகொடை வீடு எரிந்தது. அவன் அன்றைக்கு முகாமில், சீருடையோடு. நான் பக்கத்து வீட்டுக் குளியலறையில் ஒளிந்திருந்தேன். ஒரு மாதம் கழித்து இந்த ஒழுங்கைக்கு வந்தோம். இங்கே ஒருவருக்கும் எங்களைத் தெரியாது. இந்தப் பக்கம் தெரிந்தால் துரோகி, அந்தப் பக்கம் தெரிந்தால் தமிழன். ஆகவே ஹார்பர். அவன் காலையில் வெள்ளைச் சேட்டோடு போவான். உடுப்பு பயணப் பையில் போகும், பையில் வரும்.

அதைக் கழுவினது நான். பதின்மூன்று வருஷம் ஒரு நாளும் வெளிக் கொடியில் போடவில்லை. அறைக்குள் கயிறு கட்டி, யன்னலைச் சாத்தி, மேசை விசிறியைத் திருப்பி வைத்துக் காயவிட்டேன். வெயில் காணாத வெள்ளை மஞ்சள் பிடிக்கும். அதனால் நீலத்தை இரண்டு மடங்கு போடுவேன். பொத்தான் ஏழு, எல்லாம் பித்தளை. கார்ட்போட்டில் பிளவு வெட்டி அதற்குள் பொத்தானைச் செருகி, துணியில் படாமல் பிராஸோ போட்டு மினுக்கவேண்டும். மழைக்காலத்தில் மூன்று நாள் எடுக்கும். ஒழுங்கைப் பெண்கள் கதவைத் தட்டினால் கயிற்றை அவிழ்த்து எல்லாவற்றையும் கட்டிலுக்குக் கீழே தள்ளுவேன். பிறகு திரும்பவும் முதலில் இருந்து.

பக்கத்து வீட்டு ஆறாயியக்கா, மகனுக்கு ஹார்பரில் வேலை எடுத்துத் தரச்சொல்லி நாலு தீபாவளிக்கு முறுக்குத் தட்டோடு வந்தா. நாலு தரமும் வாங்கி, "தம்பியிட்டச் சொல்லுறன்" என்று சொன்னேன். இந்தப் பாவமும் என் கணக்கில்தான்.

நீர் வந்தது எல்லாம் முடிந்த பிறகு. அவன் வீட்டில் சாரத்தோடு இருந்து பேப்பர் வாசித்த காலத்தில்.

சத்தியக்கடதாசி தருவேன். உடுப்பும் தருவேன். மேடையில் ஏறுவது நான்.

மேபல்

*

வெள்ளவத்தை
24.02.2025

மச்சாளுக்கு,

ஓம், நான்தான் மறைத்தேன். ஒரு வெள்ளைத் துண்டு, விரல் அகலம். அந்த வரிக்கு மேலே வைத்து மூடியைச் சாத்தினேன். அந்தப் புத்தகம் அவர் விட்ட 96இல் முடிகிறது, அதற்குப் பிறகுதான் நான் வந்தேன், அதில் என் பெயர் இருக்க வழியில்லை என்று என் மூளைக்குத் தெரியும். ஆனால் அவருடைய வாழ்க்கை முழுக்க எழுதியிருக்கிற ஒரே புத்தகத்தில் என்னைத் தேடிப் பார்த்து, உங்களைக் கண்டேன். அதைக் கொண்டுபோய் மாஸ்டரின் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சாரத்தோடு இருந்த மனிசன்தான் எனக்குக் கிடைத்தவர் என்கிறீர்கள். சரி. அந்த மனிசனை எப்படி அறிந்துகொண்டேன் என்று உங்களுக்குத் தெரியுமா?

கலியாணம் முடிந்து எட்டு மாதம். வெள்ளவத்தைச் சந்தையில் அவர் பாரை மீன் விலை கேட்டுக்கொண்டு நிற்கிறார், நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்துத் தட்டுக்காரன் கத்தியை வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்று, "சார்ஜன்!" என்று சலூட் அடித்தான். இவருடைய கையும் தன்பாட்டில் மேலே போனது. பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். மீன் வாங்காமல் வந்தோம்.

என்ர அண்ணா 95இல் ஆமியால் இல்லாமல் போனவர் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படி இருந்திருக்கும்? மூன்று மாதம் நான் அவரோடு கதைக்கவில்லை. சமைத்து மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவேன். அவர் ஒரு நாளும் கதவைத் தட்டவில்லை. சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு நான்தான் கேட்டேன், "அங்க நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று. அவர் சொன்னார்: "நான் ஒருத்தரையும் சுடேல்ல. சுடுபட்டுச் செத்த ஆக்களைப் புதைக்கேக்க ஊதினனான்."

பிறகு ஒவ்வொரு இடமாகச் சொன்னார். குருநாகல் பக்கம் ஒரு சிங்கள வீடு. ஆமியில் செத்த பெடியனைப் புதைத்துவிட்டு பாண்ட்காரர் முற்றத்தில் நிற்கிறார்கள். தாய் தானே தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாளாம். இவரிடம் வந்ததும், "நம மொகக்த புத்தே?" என்று பெயரைக் கேட்டாளாம். இவர் முழுப் பெயரையும் சொன்னார், தகப்பன் பெயரோடு: சின்னராசா றெஜினோல்ட். அவள் இவருடைய முகத்தைப் பார்த்தாள். இவர் வாய் வைக்காத கோப்பையைத் திருப்பி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தனக்கு இந்த வீட்டில் தேத்தண்ணி இல்லை என்று நினைத்து இவர் ட்றம்பெட்டைத் துடைக்கத் தொடங்கினார். அவள் திரும்பி வந்தாள். அதே கோப்பை. சீனி போட்டிருந்தாள். மற்ற எல்லாருக்கும் வெறும் தேத்தண்ணி.

"ஏன் போட்டவ?" என்று கேட்டேன். "இண்டைக்கும் எனக்குத் தெரியாது" என்றார்.

இதை உங்களுக்குச் சொன்னவரா? சொல்லியிருந்தால் உங்கள் கடிதத்தில் பிராஸோவுக்கும் நீலத்துக்கும் நடுவில் இதுவும் இருந்திருக்கும்.

நீங்கள் உடுப்பைக் கழுவினீர்கள். அதற்குள் இருந்தவரை நான் கேட்டேன். மேடையில் நான்தான்.

ஜீவராணி

*

கொட்டாஞ்சேனை
04.03.2025

ஜீவராணிக்கு,

அந்தச் சீனிக் கதையை ஐந்தாறு தரம் வாசித்தேன்.

அவன் எனக்குச் சொல்லவில்லை.

அந்த நாட்களில் அவன் படி ஏறினால் நான் கேட்பது இரண்டு கேள்வி. "ஒருத்தரும் காணேல்லையே?" அடுத்தது, "சாப்பிட்டியா?" அவன் இரண்டுக்கும் தலையை ஆட்டிவிட்டுப் பையை என்னிடம் தருவான். நான் பையைத் திறந்து, முதலில் கொலரைப் பார்ப்பேன், பிறகு கைமடிப்பைப் பார்ப்பேன். எங்கே செம்மண், எங்கே வியர்வை என்று. செம்மண் அப்பியிருந்தால் தூரப் பயணம் என்று அறிந்துகொள்வேன். எந்த ஊர் என்று கேட்டதில்லை. மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தோன்றவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வந்து ஒரு வருஷமும் ஆகாத நீர் கேட்டீர், வாங்கிக்கொண்டீர்.

நான் ஒன்றும் அனுப்பப் போவதில்லை. சத்தியக்கடதாசியும் இல்லை, உடுப்பும் இல்லை. உம்மிடம் அவன் இருக்கிறான். உடுப்பு என்னிடம் இருக்கட்டும்.

மேபல்

*

வெள்ளவத்தை
20.03.2025

மச்சாளுக்கு,

இந்தப் பார்சலைத் தபாலில் போடப் பயந்து நிஸாம் மாஸ்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். நோன்போடு இரண்டு பஸ் மாறி வருகிறார், அவருக்கு முன்னால் கதவைச் சாத்திப்போடாதேங்கோ.

உள்ளே இருப்பது படைப் புத்தகம். கொப்பி இல்லை, மூலம். அந்த வரி இருக்கிறது. இனி ஒருவரும் அதற்கு மேலே ஒன்றும் வைக்கமாட்டார்கள்.

பெருநாளுக்கு இன்னும் பத்துப் பதினொரு நாள். அச்சுக்கூடக்காரர் மூன்று பெயரோடு ஒரு மாதிரி அடித்து மாஸ்டரிடம் கொடுத்திருக்கிறார். அதை எனக்குக் காட்டினார். மூன்று பெயருக்குக் கீழே ஒரு வெளி விட்டிருந்தது. என்ர மனிசனின் பெயர் வரவேண்டிய இடம். என்ர விரல் அகலம்தான் இருக்கும். அதைப் பார்த்த கையோடு புத்தகத்தை எடுத்துப் பார்சல் கட்டினேன்.

மேடையில் நீங்கள் ஏறுங்கோ. அந்த வரியைக் காட்டினால் குழு மறுக்காது. எனக்கு முழு மனது என்று எழுதினால் பொய். பொன்னாடையை உங்களுடைய தோளில் போடுவதை நான் பார்க்கமாட்டேன், அன்றைக்கு மண்டபத்துக்கும் வரமாட்டேன். ஆனால் அவர் இரண்டாம் தரமும் சத்தமில்லாமல் போகக்கூடாது.

ஜீவராணி

*

கொட்டாஞ்சேனை
30.03.2025

ஜீவராணிக்கு,

நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை புதுக்கடைக்குப் போனேன். நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் சமாதான நீதவான் இருக்கிறார். தட்டெழுதுகிற பிள்ளை கேட்டது, "என்ன விஷயமா அன்ரி?" சொன்னேன். அவள் தட்டினாள்: 'சின்னராசா மேபல் ஆகிய நான், எனது சகோதரன் சின்னராசா றெஜினோல்ட் 1974 முதல் 1996 வரை இராணுவ வாத்தியக் குழுவில் கடமையாற்றினார் என்றும், அவர் துறைமுகத்தில் ஒருபோதும் கடமையாற்றவில்லை என்றும், விவாகப் பதிவின்போது நான் கூறியது உண்மைக்குப் புறம்பானது என்றும்...' அந்த இடத்தில் நிறுத்தி, "ஏன் அன்ரி அப்பிடிச் சொன்னீங்க?" என்றாள். "அதையும் போடவேணுமா?" என்று கேட்டேன். "தேவையில்ல, சும்மா கேட்டேன்" என்றாள். கையெழுத்து வைத்தேன்.

சனிக்கிழமை காலை உடுப்பை எடுத்தேன். நீலம் கலக்கினேன், வழக்கமான அளவு, இரட்டை இல்லை. பிழிந்து வாளியில் போட்டுக்கொண்டு அறைக்குள் போனேன். கயிற்றைக் கட்டப் போன கை நின்றுவிட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு முன் கதவைத் திறந்து ஒழுங்கைக்கு இறங்கினேன். எல்லாருடைய பெட்ஷீட்டும் காய்கிற பொதுக் கொடி. நடுவில் இடம் இருந்தது. போட்டேன். சட்டைக் கையிரண்டையும் விரித்து, கிளிப் குத்தினேன். வெயில் நேரே அதில் விழுந்தது. பித்தளை கண்ணைக் குத்தியது.

முதலில் வந்தது ஆறாயியக்கா.

"இது யாரு உடுப்பு டீச்சரு? கல்யாண பேண்டா?"

"என்ர தம்பியின்ர. ஆமி பாண்ட்."

"எந்தத் தம்பி?"

"எனக்கு எத்தின தம்பி? றெஜிதான்."

"அப்ப ஹார்பரு?"

"ஹார்பர் இல்ல."

அவ கொடியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "அடியாத்தி! நாலு தீவாளிக்கு நா முறுக்குச் சுட்டுக் கொண்டாந்தேனே!"

"நல்லாத்தான் இருந்தது" என்றேன்.

அவ சிரிக்கவில்லை. தன்னுடைய பெட்ஷீட்டை ஒரு பக்கமாகத் தள்ளினா. நிழல் விழாமல். அதற்குள் இன்னும் நாலு பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனான். மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள். இரண்டு மணிக்கெல்லாம் காய்ந்துவிட்டது. நான் நாலு மணிவரை எடுக்கவில்லை.

சத்தியக்கடதாசியையும் புத்தகத்தையும் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். பெயர் அச்சுக்குப் போகிறது. உடுப்பை அவர் முதலில் உம்முடைய வீட்டுக்குக் கொண்டுவருவார். நீர் ஒருநாளும் காணாத உடுப்பு. முதல் தரம் மேசையில் வைத்து ஊரோடு சேர்ந்து காணவேண்டாம்.

மேடைக்கு நீர் போம். விட்டுக்கொடுத்தேன் என்று யாருக்கும் சொல்லித் திரியவேண்டாம், நான் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குரியதைச் சனிக்கிழமை எடுத்துக்கொண்டேன். விழாவுக்கு வரமாட்டேன். பொன்னாடையை உம்முடைய தோளில் பார்க்க என்னாலும் ஏலாது.

பொத்தான் ஆறுதான் இருக்கும். மேலே இருந்து மூன்றாவதை வெட்டி எடுத்துவிட்டேன். தேட வேண்டாம், கேட்கவும் வேண்டாம்.

மேபல்

*

வெள்ளவத்தை
30.04.2025

மச்சாளுக்கு,

உடுப்பு வந்த அன்று கட்டிலில் விரித்து வைத்துப் பக்கத்தில் இருந்தேன். தோள் இவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியாது. நான் அறிந்த மனிசன் மெலிந்தவர். அந்த அகலத்தை நீங்கள் இருபத்திரண்டு வருஷம் பார்த்திருக்கிறீர்கள். அன்றைக்கு முழுக்க எனக்கு உங்கள்மேல் எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் ஆறாயியக்காவைக் கண்டேன். பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தா. உங்களுக்காம். கூட்டம் முடியும்வரை ஒருவரையும் இருக்க விடவில்லை. அழைப்பிதழில் என்ர பெயருக்குக் கீழே உங்களுடைய பெயரையும் போட்டிருந்தார்கள். நான் கேட்கவில்லை. மாஸ்டர் தன்பாட்டில் போட்டது.

அன்றைக்கு நீங்கள் ஒழுங்கை முனையில் மறித்த மூன்று பேரில் இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாமவர் போன வருஷம் தவறிவிட்டார். மேடையில் என்ர மனிசனின் பெயரைச் சொன்னதும் ஒருவர் ட்றம்பெட்டை எடுத்து ஊதினார், செத்த வீட்டில் ஊத வந்த அதே ஊதல். சபை எழும்பி நின்றது. எழும்பாதவர்களும் சிலர் இருந்தார்கள், அதையும் கண்டேன். பிறகு இரண்டு பேரும் மேசைக்கு முன்னால் வந்து சலூட் அடித்தார்கள். எனக்கு என்று நினைத்துக் கையைக் கூப்பப் போனேன். எனக்கில்லை. உடுப்புக்கு. நீங்கள் கழுவின உடுப்புக்கு.

உடுப்பை மேசையில் வைக்கும்போதே மாஸ்டரின் மனைவி ருக்கியா வந்துவிட்டா. ஒரு பொத்தான் இல்லையென்று மாஸ்டர் முன்னமே சொல்லியிருக்கிறார். பெட்டாவில் வாங்கின பித்தளைப் பொத்தானும் ஊசியும் கைப்பையில் கொண்டுவந்திருந்தா. "ரெண்டு நிமிஷ வேலை, தச்சிட்டுப் போறேன்" என்றா. வேண்டாம் என்றேன். "பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க?" என்றா. நினைக்கட்டும் என்றேன்.

பொன்னாடை போர்த்தி முடிந்ததும் ஒலிவாங்கியை என்ர கையில் தந்தார்கள். நான் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன், சந்தையில் நடந்தது, சீனிக் கதை, எல்லாம். முழுக்க நான் வருகிற மாதிரித்தான் எழுதியிருந்தேன். கடுதாசியை விரித்தேன். விரிக்கும்போது மேசையில் அந்த அறுந்த நூல் தெரிந்தது. முன் வரிசையில் இருந்தவர்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடுதாசியை மடித்தேன். "அந்த இடத்தில இருந்த பொத்தான் அவற்ற அக்காவிட்ட இருக்கு. பதின்மூண்டு வருஷம் ஒருத்தருக்கும் தெரியாமல் அதை மினுக்கினது அவதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். நான் சொல்ல நினைத்தது ஒன்றையும் சொல்லவில்லை. அதற்கு உங்கள்மேல் இன்னும் கோபம்தான்.

உடுப்பை மாஸ்டரிடம் திருப்பி அனுப்புகிறேன். பொன்னாடையைத் தரமாட்டேன், கேட்கவேண்டாம். பொத்தானை மேசை லாச்சிக்குள் போட்டு வைக்காதேங்கோ. கறுத்துப்போகும்.

ஜீவராணி